பதினைந்து வினாடி அதிகம்

பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறு நல்லது எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இது என் அனுபவம். அன்று காலை பதினொன்றரை மணிக்கு, பூமாலைக் கடைக்கு நேர் எதிரே, மர நிழலில் இடம் கிடைத்தது.

"அக்கா, சகுனம் சரியில்ல," என்றேன்.

அமுதவள்ளி சீட் பெல்ட்டைக் கழற்றினார். இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். ஓய்வு பெற்ற மறு வாரமே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். நான் லோகன், அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவர் மரியாதை கருதிக் கேட்காத கேள்விகளைக் கேட்டுத் திட்டு வாங்குவது ஆகியவை என் வேலைகள்.

பின் சீட்டில் எங்கள் கட்சிக்காரர் மும்தாஜ் பேகம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கேண்டீன் நடத்துகிறார். ஒன்பது நாளுக்கு முன்பு வரை அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

ஒன்பது நாளுக்கு முன்பு நடந்தது இது. கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'குவாலி ராணி', அதாவது வாணலி ராணி, என்ற சமையல் போட்டியின் இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தார்கள். மும்தாஜின் பக்கத்து மேசையில் லெட்சுமி என்பவர் காய்கறிக் குருமா வைத்தார். நடுவர் சிவநேசன் அதில் ஒரே ஒரு கரண்டி சாப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் அவர் உதடு வீங்கியது, பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மனிதர் பிழைத்துவிட்டார். நிலக்கடலை அவர் உடம்புக்கு ஆகாது என்பது போட்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். லெட்சுமி குருமாவில் கடலை போடவில்லை. அந்த மண்டபத்தில் கடலைப் பொடி ஒரே ஒரு மேசையில்தான் இருந்தது. மும்தாஜ் சாத்தே என்ற குச்சி இறைச்சிக்கான கடலைக் குழம்புக்காக வறுத்து இடித்து வைத்திருந்தார். அந்தக் குழம்பைச் சிவநேசன் தொடுவதாக இல்லை, இன்னொரு நடுவர்தான் சாப்பிட வேண்டியது.

மறுநாளே ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தது. ஐந்து வினாடிதான். மும்தாஜ் லெட்சுமியின் அடுப்பருகே நிற்கிறார், அவ்வளவே. உப்பு வாங்கப் போனாராம். அதை யார் நம்புகிறார்கள்?

"இன்னிக்கு மூணு மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடுது," என்றார் மும்தாஜ், காரைவிட்டு இறங்கியபடி. "கேண்டீன வேற ஆளுக்குக் கொடுக்கறதா பேச்சு. அது போனாகூடப் பரவால்ல மேடம். நேத்து ரெண்டாம் வகுப்புப் பிள்ள ஒண்ணு, நான் கொடுத்த மீகூன் சேமியாவக் கையில வெச்சுக்கிட்டு, 'ஆன்டி, இதுல ஒண்ணும் போடலையே'ன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?"

கதவைப் பூட்டினேன்.

படத்தொகுப்பு அறை பூக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் ரமணி. நிகழ்ச்சியின் படத்தொகுப்பாளர், முப்பது வயதிருக்கும், தூக்கம் போதாத கண்கள். அவருக்குப் பின்னால் நின்றவர் ஒளிப்பதிவாளர் ராதாகிருஷ்ணன். அறுபது வயது. இஸ்திரி கலையாத சட்டை, இடது கையில் பட்டையான எஃகுக் கடிகாரம், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். மும்தாஜைப் பார்த்ததும் அவரே நாற்காலி இழுத்துப் போட்டார்.

"எல்லாத்தையும் பாருங்கம்மா," என்று அமுதவள்ளியிடம் சொன்னார். "நான் எடுத்ததுல ஒரு ஃபிரேம்கூட வெட்டல, மறைக்கல. ஒரிஜினல் எங்கிட்ட இருக்கு."

இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாக வீடியோ டேப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அச்சு எழுத்துப் போலத் தேதி, இடம், நிகழ்ச்சியின் பெயர். நான் ஒன்றை எடுத்துத் திறந்தேன். டேப் இருக்க வேண்டிய இடத்தில் தபால்தலை அளவு மெமரி கார்டு ஒன்று ஸ்பாஞ்சில் படுத்திருந்தது.

"ஆபீஸ் டேப்பை விட்டுட்டுக் கார்டுக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு," என்றார் ரமணி. "அங்கிள் இன்னும் வந்து சேரல."

"கார்டுன்னா திரும்பத் திரும்ப அழிச்சு எடுக்கறதுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு," என்றார் ராதாகிருஷ்ணன். "மாஸ்டர அழிக்கிறவன் கேமராமேன் இல்ல தம்பி. எடுத்தமா, லேபிள் எழுதினமா, அழியாம இருக்க லாக்க இழுத்து விட்டமா, உள்ள வெச்சமா. அவ்வளவுதான்."

அமுதவள்ளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எதையும் குறித்துக்கொள்ளாமல், ரமணியின் திரை முன்னால் உட்கார்ந்தார். "அந்தக் குருமா எங்கெங்க வருதோ எல்லாத்தையும் வரிசையா போடும்மா."

போட்டார். குருமா கொதித்தது. பதினொன்று இருபதுக்கு மும்தாஜ் லெட்சுமியின் அடுப்புப் பக்கம் போய் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் பார்த்த ஐந்து வினாடி அதுதான், ஆனால் முழுதாகப் பார்த்தால் இருபது வினாடி. பதினொன்று முப்பத்தொன்பதுக்கு லெட்சுமி குருமாவை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, கேமரா முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்தார். அத்தோடு இரண்டாவது கார்டு முடிந்தது. பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு மூன்றாவது கார்டில் அதே கிண்ணம், திரை முழுக்க, நெருக்கத்தில். பார்த்ததும் எனக்குப் பசித்தது.

"ஊத்தறத மறுபடி போடு."

மூன்று தடவை போடச் சொன்னார் அமுதவள்ளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "லோகன், என்ன தெரியுது?"

"ரசம் தெரியுது அக்கா. குருமான்னு சொல்லி ரசம் ஊத்தறாங்க."

"அடுத்ததைப் பாரு."

நெருக்கக் காட்சியில் குருமா கெட்டியாக, கரண்டியில் நிற்கும் பதத்தில் இருந்தது.

"மும்தாஜ், நாலு நிமிஷத்துல அடுப்பே இல்லாம குருமா இப்படி இறுகுமா?"

மும்தாஜ் திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். சமையல் என்று வந்ததும் அவர் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது. "ஆறினா கொஞ்சம் இறுகும் மேடம். இவ்வளவு இறுகாது. இது பொடி சேர்ந்த இறுக்கம்."

"அப்ப நீங்க பதினொண்ணு இருபதுக்குப் போட்டிருந்தா, பதினொண்ணு நாப்பதுக்கு ஏன் தண்ணியா ஊத்துது?"

நான் துள்ளி எழுந்தேன். "கேஸ் முடிஞ்சிருச்சு! வாங்க, சாப்பிடப் போலாம்."

"மூணு மணிக்குச் சங்கத்துல போய்க் 'குருமா தண்ணியா இருந்துச்சு'ன்னு சொல்லு. கைதட்டுவாங்க." அமுதவள்ளி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "யாரு போட்டாங்கன்னு தெரியாத வரைக்கும் இவங்கதான் போட்டாங்கன்னுதான் பேசுவாங்க. அந்த நாலு நிமிஷத்துல என்ன நடந்துச்சு?"

"கார்டு மாத்தறப்ப எல்லாரும் கோப்பி குடிக்கப் போயிட்டாங்க," என்றார் ராதாகிருஷ்ணன். "நான் மட்டும்தான் கேமராகிட்ட இருந்தேன். யாரும் வந்த மாதிரி ஞாபகம் இல்லம்மா."

"அந்த நேரத்துல எதுவுமே பதிவாகலையா?"

"ஒரு நிமிஷம் இருக்கும் ஆன்டி," என்றார் ரமணி. "ஆனா பிரயோஜனம் இல்ல. அது அங்கிளோட கறுப்பு."

விளக்கம் கேட்டோம். ராதாகிருஷ்ணன் பெருமையோடு சொன்னார். "டேப்போட ஆரம்பத்துல நாடா சரியா இருக்காது. சுருக்கம், அழுக்கு, என்னமாச்சும் இருக்கும். அதனால புது டேப் போட்டா லென்ஸ மூடி போட்டு மூடிட்டு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடணும். அப்புறம்தான் வேலையத் தொடங்கணும். என் குரு சொல்லிக் கொடுத்தது."

"கார்டுல நாடாவே இல்லையே அங்கிள்," என்றேன்.

"அதனால என்ன?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நடுவில் டேப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒவ்வொரு கார்டுலயும் மொத கிளிப் கறுப்பு," என்றார் ரமணி. "நான் காப்பி பண்றப்பவே அத விட்டுருவேன். பார்க்கறதே இல்ல."

"ஒரிஜினல் கார்டுல இருக்குமில்ல?"

"இருக்கும்." ராதாகிருஷ்ணனே அலமாரியிலிருந்து மூன்றாவது கார்டை எடுத்து அமுதவள்ளியின் உள்ளங்கையில் வைத்தார். "தாராளமா பாருங்க. மூடி போட்ட லென்ஸ்ல என்ன தெரியப் போகுது?"

கார்டைச் செருகியதும் திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. சின்னச் சின்ன எழுத்துகள், எண்கள். காப்புறுதிக்காரர்களுக்குப் பட்டியலைக் கண்டால் பசி தீர்ந்துவிடும் போலிருக்கிறது. அமுதவள்ளி கிளிப்பைப் போடச் சொல்லவில்லை. எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசத்துக் கார்டு ஒண்ணு போடு. அதுக்கு முந்தின மாசத்தோடதும்."

போட்டார். முதல் கிளிப்பின் நீளம் ஒரு நிமிடம். அடுத்த கார்டிலும் ஒரு நிமிடம். இன்னும் நான்கு கார்டுகள். எல்லாவற்றிலும் ஒரு நிமிடம்.

"எப்படி இவ்வளவு கணக்கா?"

ராதாகிருஷ்ணன் இடது கையை நீட்டினார். "செகண்ட் முள்ளப் பார்த்துதான் நிறுத்துவேன்."

"இந்தக் கார்டுல ஒரு நிமிஷம் பதினஞ்சு செகண்ட் இருக்கே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகத்தில் திகில் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. "இருக்காது. மெஷின் தப்பா காட்டுது."

"அன்னிக்கு எடுத்த எல்லா ஷாட்லயும் இப்படித்தான் ஆன்டி," என்றார் ரமணி தயங்கி. "ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி கொஞ்சம் குப்ப ஜாஸ்தியா இருந்துச்சு. அங்கிளுக்கு வயசாகுதுன்னு நெனச்சு நானே வெட்டிட்டேன். சொன்னா வருத்தப்படுவாரு."

"என் வாட்ச் சரியாத்தான் ஓடுது!" என்றார் ராதாகிருஷ்ணன்.

"அன்னிக்கு எந்தக் கேமரா?" என்று கேட்டார் அமுதவள்ளி.

"எங்களோடது ரிப்பேர். சுபாங் ஜெயாவுல அஸ்வின் கடையில வாடகைக்கு எடுத்தோம்," என்றார் ரமணி.

அமுதவள்ளி என்னைப் பார்த்தார். நான் ரமணியிடம் எண் வாங்கிக்கொண்டு, கைப்பேசியோடு படிக்கட்டுக்குப் போனேன். அஸ்வின் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். வாடகைக் கேமராவில் பதினைந்து வினாடி கூடுதலாக விழுகிறதே என்றேன்.

"அடடா, ப்ரீ-ரெக் ஆன்ல இருந்துச்சா? சாரி பாஸ், நான் ஆஃப் பண்ணாம விட்டுட்டேன். அதுக்கு முந்தி ஒருத்தர் பறவ படம் எடுக்கக் கொண்டுபோயிருந்தாரு."

"பறவைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பறவ சொல்லிட்டா பறக்கும்? அது பறந்தப்புறம்தான் நம்ம கை பட்டனுக்குப் போகும். அதுக்குத்தான் இந்த செட்டிங். கேமராவ ஆன் பண்ணி வெச்சிருந்தாலே போதும், கடைசி பதினஞ்சு செகண்ட மெமரியில பிடிச்சு வெச்சுக்கிட்டே இருக்கும். பட்டன அழுத்தினதும் அந்தப் பதினஞ்சு செகண்டையும் முன்னாடி ஒட்டிச் சேர்த்து எழுதிரும்."

"அதாவது, பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி நடந்ததும் விழும்?"

"படமும் விழும், சவுண்டும் விழும்லா."

"டேப் கேமராவுல?"

"டேப்னா நாடா ஓடணும் பாஸ். ஓடாத நாடாவுல எப்படி விழும்?"

நன்றி சொல்லி வைத்தேன். படியிலேயே உட்கார்ந்தேன். அந்த நான்கு நிமிடத்தில் கேமரா அருகே இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் மும்தாஜுக்கு நாற்காலி போட்டவர், தன் கையாலேயே கார்டை எடுத்துக் கொடுத்தவர். நான் கணக்கில் கொஞ்சம் மந்தம்தான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது.

அறைக்குத் திரும்பி அமுதவள்ளியின் காதில் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"போடு ரமணி."

கறுப்பு வரவில்லை.

திரையில் அந்த வெள்ளைக் கிண்ணம் பளிச்சென்ற வெளிச்சத்தில் தெரிந்தது. உள்ளே குருமா தண்ணீராக இருந்தது. "தண்ணியாட்டம் இருக்கே," என்று ஒரு குரல் அலுத்துக்கொண்டது. "இத எப்படி எடுக்கறது?" வலப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. கரண்டி நிறையப் பழுப்புப் பொடி. கிண்ணத்தில் கொட்டிக் கலக்கியது. கையில் பட்டையான எஃகுக் கடிகாரம். இன்னொரு கரண்டி. இன்னொரு கலக்கல். குருமா இறுகியது. "ம்," என்றது குரல், திருப்தியாக. பிறகு அந்தக் கை லென்ஸை நோக்கி வந்தது. மூடி விழுந்தது. அதற்கப்புறம்தான் கறுப்பு.

எல்லோரும் ராதாகிருஷ்ணனைப் பார்த்தோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் பட்டன அழுத்தலையே," என்றார்.

அமுதவள்ளி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "ஏன் போட்டீங்க?"

"படத்துக்கு வைக்கிற சாப்பாட்ட யாரும் சாப்பிட மாட்டாங்கம்மா." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எண்ணெய் தடவுவோம், மாவு கலப்போம், கையில கிடைக்கிறதப் போட்டு அழகா காட்டுவோம். விளம்பரப் படத்துல கத்துக்கிட்டது. எடுத்து முடிச்சா தூக்கிக் கொட்டிருவாங்க. அன்னிக்குப் பக்கத்து மேசையில அந்தப் பொடிதான் இருந்துச்சு. என்ன பொடின்னுகூட நான் பார்க்கல. நேரம் ஆச்சுன்னு டைரக்டர் அந்தக் கிண்ணத்தையே நடுவர்கிட்ட கொடுக்கச் சொல்லிட்டாரு. நான் பேட்டரி மாத்திக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கறப்ப அவரு வாயில வெச்சுட்டாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்," என்றார் ரமணி.

"சொல்லத்தான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள யாரோ கடலைன்னு கத்தினாங்க. எல்லாரும் இவங்களத் திரும்பிப் பார்த்தாங்க." ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் பார்த்தேன்."

எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரமாக வந்தது. தெரியாமல் செய்ததற்கு யாரும் அவரைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு, அதே வாயால் இன்று "எல்லாத்தையும் பாருங்கம்மா" என்று சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மும்தாஜ் அழவில்லை. "டாக்டருங்க அன்னிக்கு நடுவருக்கு என்ன ஆச்சுன்னு எங்கிட்டதான் கேட்டாங்க," என்றார் மெதுவாக. "எவ்வளவு போட்டீங்கன்னு கேட்டாங்கண்ணே. நான் போடலன்னு சொல்லச் சொல்ல, பயப்படாம சொல்லுங்கன்னாங்க."

ராதாகிருஷ்ணன் நிமிரவில்லை. "எழுதிக் கொடுத்துடறேம்மா. கையெழுத்துப் போட்டு."

"போலீஸுக்கு அது வேணும்," என்றார் அமுதவள்ளி. "நானே கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி மூணு மணிக் கூட்டம் இருக்கு."

"லெட்டர் வேணாம்," என்றார் மும்தாஜ். "எல்லார் போன்லயும் இருக்கறது என்னோட வீடியோ. லெட்டர யாரு பார்வர்ட் பண்ணப் போறாங்க? இவரு கேமரா முன்னாடி உக்காந்து சொல்லட்டும்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. ரமணி ஒரு கேமராவை எதிரே நிறுத்தி வைத்து, விளக்கைத் திருப்பினார். நாற்பது வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் முதல் தடவையாக அதன் முன்னால் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

பெயர், வயது, வேலை எல்லாம் சொன்னார். கிண்ணத்தில் பொடி போட்டது தான்தான் என்றார், ஏன் போட்டேன் என்றும் சொன்னார். ஒளித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். "பக்கத்து மேசையில இருந்த அந்த அம்மாவுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல," என்று முடித்தார்.

"ரமணி, நிறுத்தாத," என்றார் மும்தாஜ். நாற்காலியைவிட்டு எழுந்து கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எனக்குப் பேர் இருக்குண்ணே. ஒம்பது நாளா ஊரு பூரா அந்தப் பேரச் சொல்லித்தான் ஏசுச்சு. நீங்களும் அதையே சொல்லுங்க."

ராதாகிருஷ்ணன் லென்ஸைப் பார்த்தார். பிறகு மும்தாஜைப் பார்த்தார்.

"மும்தாஜ் பேகம் ஒரு தப்பும் செய்யல," என்றார். "செஞ்சது நான்."

"இன்னொரு தடவ. சத்தமா."

சொன்னார். கீழே பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

மணி ஒன்று பத்து. மும்தாஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரமணியிடம் தன் கைப்பேசியை நீட்டினார்.

"மொதல்ல ரெண்டாம் வகுப்பு அம்மாங்க குரூப்புல போடும்மா," என்றார். "மத்தவங்களுக்கு அப்புறம் அனுப்பலாம்."